ஆபீஸ் கால்ல உங்க குரல் ஏன் லேட்டா போய்ச் சேருது? விர்ச்சுவல் டெஸ்க்டாப்பும் தியேட்டர் பிரிண்ட்டும்

வடபழனியில இருந்து பேசறேன். ஜன்னலை மூடினாலும் நூறடி ரோடு ஹாரன் உள்ள வந்துடும், எடிட்ல எவ்வளவு குறைக்க முடியுமோ குறைச்சிருக்கேன்.

இன்னைக்கு எபிசோடை ஒரு பொண்ணோட கதையில இருந்து ஆரம்பிக்கறேன். சில வருஷம் முன்னாடி நான் இருந்த ப்ராஜெக்ட்ல ஒரு ஜூனியர் சேர்ந்தா. விருதுநகர் பக்கம். கோட் பிரமாதமா எழுதுவா. கிளையன்ட் வெளிநாடு. அவங்க டேட்டா அவங்க இடத்தை விட்டு வெளிய வரக்கூடாதுங்கிறதால, எங்க எல்லாருக்கும் வேலை அவங்களோட விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள்ளதான். மீட்டிங்கும் அதுக்குள்ளதான்.

தினமும் ஸ்டாண்ட்-அப்ல ஒரே கூத்து. யாரும் பேசலையேன்னு பார்த்து அவ வாயைத் திறப்பா. அதே நேரத்துல அங்க இன்னொருத்தர் ஆரம்பிச்சிருப்பார். ரெண்டு பேரும் நிறுத்துவாங்க. "ப்ளீஸ், நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க". மறுபடியும் ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிப்பாங்க. ஒரு மாசத்துல அவ பேசறதையே குறைச்சுட்டா. வருஷக் கடைசியில அப்ரைசல்ல ஒரு வரி: கம்யூனிகேஷன்ல முன்னேறணும். பாவம், சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேர்ந்துட்டா.

ஒரு நாள் விர்ச்சுவல் டெஸ்க்டாப் மொத்தமா படுத்துடுச்சு. எல்லாரும் மொபைல்ல இருந்து மீட்டிங்ல சேர்ந்தோம். அன்னைக்கு ப்ரொடக்‌ஷன்ல ஒரு பெரிய பக் வேற. அந்தப் பொண்ணு பத்து நிமிஷம் தடங்கலே இல்லாம விளக்கினா, கிளையன்ட் கேட்ட குறுக்குக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னா. முடிஞ்சதும் எனக்கு போன் பண்ணி, "அண்ணா, இன்னைக்கு எல்லாரும் எனக்கு வழி விட்டாங்க"ன்னா.

ஆட்கள் அதே ஆட்கள். மாறினது குரல் போற பாதை. அந்தப் பாதையைப் பத்திதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல விர்ச்சுவல் டெஸ்க்டாப்னா என்னன்னு ரெண்டே வரியில. உங்க லேப்டாப்ல தெரியற அந்த விண்டோஸ் உங்க லேப்டாப்ல ஓடல. எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல, ஒரு பெரிய சர்வருக்குள்ள, இன்னும் பல பேரோட டெஸ்க்டாப்களோட சேர்ந்து ஓடுது. உங்களுக்கு வர்றது அதோட திரைப் படம் மட்டும். நீங்க அனுப்பறது கீபோர்டு, மவுஸ் அசைவு. சிட்ரிக்ஸ், ஹொரைசன், மைக்ரோசாஃப்ட்டோட அஷ்யூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப்னு பேர் வேற வேற, அடிப்படை இதுதான். சுருக்கமா விடிஐன்னு சொல்லுவாங்க.

இது எப்படி இவ்வளவு பரவுச்சு? முன்னாடியே இருந்ததுதான். பேங்க், இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்ல இருந்தவங்களுக்குப் பழக்கம். ஆனா 2020 மார்ச்சை ஞாபகப்படுத்திக்கோங்க. மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டுல 144, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. ஓஎம்ஆர்ல ஆபீஸ் எல்லாம் காலி. அதுவரைக்கும் கால் சென்டர், பிபிஓ மாதிரி வேலைகளை வீட்டுல இருந்து செய்யறதுக்கு தொலைத்தொடர்புத் துறையோட விதிகள் ரொம்ப இறுக்கமா இருந்தது. அந்த மார்ச்சுல தற்காலிகமா தளர்த்தினாங்க, நவம்பர் 2020-ல விதிகளையே பெரிசா மாத்தி எழுதினாங்க. டிசிஎஸ்ல மட்டும் அப்ப கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர். அதுல பெரும்பகுதி சில வாரத்துல வீட்டுக்கு மாறினாங்க. வீட்டு நெட், சொந்த லேப்டாப், ஆனா கிளையன்ட் டேட்டா வெளிய போகக்கூடாதுன்னா பல கம்பெனிக்கு இருந்த ஒரே கதவு விடிஐதான். அதே வாரம் எல்லா மீட்டிங்கும் வீடியோ மீட்டிங் ஆச்சு. எக்செல் பார்க்கறதுக்குப் போட்ட குழாயில வீடியோவை ஊத்தினோம்.

எக்செல் பார்க்கறதுக்குன்னு சும்மா சொல்லல. விடிஐ அனுப்பற திரைப் படம் எப்படி வேலை செய்யுதுன்னா, திரையில மாறின பகுதியை மட்டும் அனுப்பும். ஒரு செல்லுல நம்பர் அடிச்சா அந்தச் சின்னக் கட்டம் மட்டும் வரும். மத்த நேரம் அமைதி. அதனாலதான் சுமாரான நெட்லகூட நல்லா ஓடும். வீடியோ அப்படி இல்ல. ஒரு செகண்டுக்கு 30 தடவை படம் மொத்தமும் மாறும். 720பி படத்தைச் சுருக்காம அனுப்பினா செகண்டுக்கு சுமார் 660 மெகாபிட். உங்க வீட்டு ப்ராட்பேண்டு பிளான் எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க. அதனால சுருக்கித்தான் ஆகணும். சுருக்கறது தப்பில்ல, எத்தனை தடவை சுருக்கறோம்ங்கிறதுலதான் விஷயம்.

இங்கதான் தியேட்டர் பிரிண்ட் வருது. புதுப்படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். யாரோ ஒருத்தன் தியேட்டர்ல உட்கார்ந்து திரையை மொபைல்ல படம் பிடிச்சு நெட்ல போடுவான். சுத்தமா இருந்த டிஜிட்டல் படம், ப்ரொஜெக்டர் வழியா திரைக்கு வந்து, அங்க இருந்து மறுபடியும் கேமராவுக்குள்ள போய், மறுபடியும் சுருங்கி உங்ககிட்ட வரும். முகம் மங்கல், சத்தம் கிணத்துக்குள்ள இருந்து.

சரியா செட் பண்ணாத விடிஐல உங்க மீட்டிங் அப்படியே தியேட்டர் பிரிண்ட்தான். எதிர்ல பேசறவரோட வீடியோ சுருக்கப்பட்டு டேட்டா சென்டருக்குப் போகுது. அங்க இருக்கற உங்க டெஸ்க்டாப் அதைப் பிரிச்சு ஜன்னல்ல ஓட்டுது. அந்தத் திரையை விடிஐ திரும்பப் படம் பிடிச்சு, இன்னொரு தடவை சுருக்கி, உங்க லேப்டாப்புக்கு அனுப்புது. உங்க முகத்துக்கும் இதே கதைதான், திசை மட்டும் எதிர்ப்பக்கம். கேமரா படம் லேப்டாப்ல சுருங்கி, சர்வர்ல விரிஞ்சு, டீம்ஸோ ஜூமோ அதை மறுபடி சுருக்கி, அதுக்கப்புறம்தான் மீட்டிங்குக்கே போகுது.

படம் மங்கலா இருந்தா பொறுத்துக்கலாம். குரல் லேட்டாகறதுதான் ஆளைக் கொல்லுது. கணக்குப் போட்டுப் பாருங்க. கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையில இருந்து நியூயார்க் நேர்கோட்டுல சுமார் 13,500 கிலோமீட்டர். உங்க விர்ச்சுவல் டெஸ்க்டாப் அங்க கிழக்குக் கரையில இருக்குன்னு வைங்க. நீங்க வடபழனியில பேசறீங்க, கேட்கறவர் போரூர்ல. அதே ஆற்காடு ரோட்ல பஸ் ஏறினா போற தூரம். அவரும் அதே மாதிரி விடிஐக்குள்ள. உங்க குரல் இங்க இருந்து அமெரிக்கா போய், அங்க இருந்து திரும்பி போரூர் வரணும். 27,000 கிலோமீட்டர். வெளிச்சம் போற நேரமே 135 மில்லிசெகண்ட். கடலடி கேபிள் நேர்கோட்டுல போறதில்ல, அதனால நிஜத்துல இன்னும் கூட.

ஐடியு, அதாவது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம், ஜி.114ன்னு ஒரு பரிந்துரை வெச்சிருக்காங்க. வாயில இருந்து காதுக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள போனா பேச்சு இயல்பா இருக்கும், 400-ஐத் தாண்டினா சரிப்படாது. நம்ம கணக்குல வெளிச்சம் ஓடற ஓட்டமே 135-ஐ எடுத்துக்கிச்சு. இதுக்கு மேலதான் ரெண்டு தடவை சுருக்கறது, ரெண்டு தடவை விரிக்கறது, பாக்கெட் முன்னப்பின்ன வந்தா சரி பண்றதுக்காகக் கொஞ்சம் தேக்கி வைக்கற நேரம் எல்லாம் சேரணும்.

நாம பேசும்போது ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்கற இடைவெளி ரொம்பச் சின்னது. கண் சிமிட்டற நேரம். அரை செகண்ட் லேட்டா கேட்கறவங்களுக்கு அந்த இடைவெளி தெரியறப்போ, அங்க அது ஏற்கனவே முடிஞ்சிருக்கும். அவ வாய் திறந்தது சரியான நேரத்துலதான். அது போய்ச் சேர்ந்ததுதான் தப்பான நேரத்துல.

எதிரொலியும் இதுல வரும். உங்க ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் மைக்ல விழுந்தா, அதைக் கழிக்கற வேலையை மீட்டிங் சாஃப்ட்வேர் செய்யுது. ஸ்பீக்கரும் மைக்கும் சென்னையில, கழிக்கற சாஃப்ட்வேர் அமெரிக்காவுலன்னா, எதை எப்ப கழிக்கணும்னு அது தடுமாறும். ஹெட்செட் போடுங்கன்னு எல்லாரும் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய ஆபீஸ்ல இன்னொரு சிக்கல்: கூட்டம். ஒரு சர்வர்ல பல டெஸ்க்டாப் இருக்குன்னு சொன்னேன் இல்லையா. எல்லாரும் ஒரே நேரத்துல முழு சக்தியையும் கேட்க மாட்டாங்கன்னு நம்பித்தான் அப்படி அடுக்கறாங்க. ஆனா காலையில பத்து மணிக்கு எல்லா டீமுக்கும் ஸ்டாண்ட்-அப். எல்லாரோட வீடியோவும் ஒரே சிபியுவுல பிரிஞ்சு சுருங்குது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சர்வர்னா கேட்கவே வேண்டாம். பக்கத்து டீம்ல ஒருத்தர் பின்னணியை மங்கலாக்கினா, மீட்டிங்லயே இல்லாத உங்க எக்செல் திணறும். "நெட் ஸ்லோவா இருக்கு"ன்னு வீட்டு ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க. ரவுட்டருக்கு ஒண்ணுமே தெரியாது பாவம்.

சரி, இதுக்கு வைத்தியம் என்ன? நம்ம ஏரியா ஆளுங்களுக்குச் சுலபமா புரியும். ஸ்டூடியோல பச்சைத் துணி கட்டி ஷூட் பண்ணுவாங்க இல்ல? அந்தப் பச்சை இடத்துல பின்னாடி வேற காட்சியை ஒட்டுவாங்க. அதே டெக்னிக்தான். டேட்டா சென்டர்ல இருக்கற டீம்ஸ், வீடியோ வர வேண்டிய இடத்துல ஒரு காலிக் கட்டத்தை மட்டும் வரையும். வீடியோவையும் குரலையும் தொடவே தொடாது. "இந்த மீட்டிங்குல சேரு, கேமராவைத் திற, இந்த இடத்துல இந்த அளவுல படத்தை ஓட்டு"ன்னு உங்க லேப்டாப்ல இருக்கற ஒரு சின்ன எஞ்சினுக்கு உத்தரவு மட்டும் அனுப்பும். அந்த எஞ்சின் உங்க வீட்டு நெட்ல இருந்து நேரா மீட்டிங் சர்வரோட பேசி, வர்ற வீடியோவை அந்தக் கட்டத்து மேல ஒட்டும். பார்க்கறவங்களுக்கு எல்லாம் ஒரே ஜன்னல் மாதிரி தெரியும். சாட், ஃபைல், காலண்டர் எல்லாம் டேட்டா சென்டருக்குள்ளயே இருக்கும்.

இதுக்கு மீடியா ஆப்டிமைசேஷன்னு பேர். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் முதல்ல வெப்ஆர்டிசி வழியா இதைச் செஞ்சுது. 2024-ல ஸ்லிம்கோர்னு புது எஞ்சினைக் கொண்டு வந்தாங்க, சாதாரண டீம்ஸ் ஆப்ல இருக்கற அதே மீடியா எஞ்சின். ஜூம், வெப்எக்ஸ் ரெண்டுக்கும் விடிஐக்குன்னே தனி ப்ளக்-இன் இருக்கு. விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள்ள ப்ரவுசரைத் திறந்து மீட்டிங்ல சேர்ந்தா மட்டும் ஜாக்கிரதை, தனியா செட் பண்ணலைன்னா மறுபடி தியேட்டர் பிரிண்ட்தான்.

இப்ப நம்ம வடபழனி, போரூர் கணக்கை மறுபடி பாருங்க. ரெண்டு பேர் மட்டும் பேசற கால்னா குரல் நேராவே போக வாய்ப்பிருக்கு. பல பேர் மீட்டிங்னா, டீம்ஸ்ல முதல்ல சேர்ந்தவருக்குப் பக்கத்துல இருக்கற மைக்ரோசாஃப்ட் சர்வர்ல அது நடக்கும். மைக்ரோசாஃப்ட்டோட தென்னிந்திய டேட்டா சென்டர் பகுதியே சென்னையிலதான் இருக்கு, புனே, மும்பையிலயும் இருக்கு. மீட்டிங் இந்தியாவுக்குள்ள நடந்தா 27,000 கிலோமீட்டர்ல பெரும்பகுதி காணாமப் போயிடும். கிளையன்ட் அமெரிக்காவுல இருந்தா அந்தத் தூரம் இருக்கத்தான் செய்யும், ஆனா ஒரு தடவை போனா போதும், தியேட்டர் பிரிண்ட் போட வேண்டாம்.

இவ்வளவு நல்ல வைத்தியம் இருக்கும்போது ஏன் இன்னும் பல ஆபீஸ்ல திணறுது? என்னைக் கேட்டா, இது அமைதியா தோத்துப் போகும், அதுதான் காரணம். லேப்டாப்ல ப்ளக்-இன் இல்ல, இல்லன்னா பழைய வெர்ஷன். உடனே எரர் வருமா? பெரும்பாலும் வராது. சத்தமில்லாம பழைய பாதைக்குப் போயிடும். மீட்டிங் ஓடும், மோசமா ஓடும். சர்வர் பக்கம் எல்லாம் பச்சை லைட். எரர் இல்லாததால டிக்கெட்டும் இல்ல, டிக்கெட் இல்லாததால பிரச்சினையும் இல்ல.

எங்க ப்ராஜெக்ட்ல நடந்ததும் அதுதான். ஆபீஸ் லேப்டாப் வெச்சிருந்த சீனியர்களுக்கு ப்ளக்-இன் இருந்தது. அவசரத்துல கொடுத்த வேற மாடல் லேப்டாப் கிடைச்ச ஜூனியர்களுக்கு இல்ல. மேனேஜருக்கு மீட்டிங் கண்ணாடி மாதிரி தெளிவு. அவர் எப்படி நம்புவார்?

அடுத்த வில்லன் விபிஎன். ப்ளக்-இன் சரியா இருந்தாலும், லேப்டாப்ல இருந்து கிளம்பற எல்லாமே விபிஎன் வழியா தலைமை ஆபீஸ் போய்த்தான் வெளிய போகணும்னு வெச்சா, அமெரிக்கா போறதுக்குப் பதிலா வேற ஊர் சுத்துவோம், அவ்வளவுதான். மீடியாவை மட்டும் விபிஎன்னுக்கு வெளிய விடலாம். செக்யூரிட்டி டீம் இங்க முகம் சுளிப்பாங்க. அவங்க பயம் நியாயமானதுதான், ஆனா பதிலும் இருக்கு: டீம்ஸோட குரலும் வீடியோவும் ஏற்கனவே குறியாக்கம் செஞ்சுதான் போகுது. கிளையன்ட் ஃபைல் எதுவும் அந்த வழியில போகாது. ஒண்ணை மட்டும் யோசிச்சு முடிவு பண்ணணும். நீங்க திரையை ஷேர் பண்ணினா அந்தப் படமும் மீடியாதான், அதுவும் அதே வழியில போகும்.

மூணாவது, ஃபயர்வால். மீடியாவுக்கு யூடிபி வேணும், டீம்ஸுக்கு 3478-ல இருந்து 3481 வரைக்கும் உள்ள போர்ட். அதை அடைச்சா டிசிபியில போகும். வித்தியாசம் புரியணும்னா கிருத்திகை அன்னைக்கு வடபழனி கோயில் வரிசையைப் பாருங்க. முன்னாடி ஒருத்தர் பையில சில்லறை தேடினா பின்னாடி எல்லாரும் நிக்கணும். டிசிபி அப்படித்தான். ஒரு பாக்கெட் தொலைஞ்சா அது திரும்ப வர்ற வரைக்கும் அடுத்தது எல்லாம் காத்திருக்கும். ஃபைல் அனுப்ப அது சரி, ஒரு எழுத்துகூட விடக்கூடாது. பேச்சுக்கு அது தேவையில்ல. ஒரு துளி தொலைஞ்சா போகட்டும், அடுத்ததைக் கேட்போம்னு யூடிபி போயிட்டே இருக்கும். 20 மில்லிசெகண்ட் சத்தம் போனா பெரும்பாலும் காதுக்குத் தெரியாது. ரெண்டு செகண்ட் நின்னு மொத்தமா வந்து கொட்டினா நல்லாவே தெரியும்.

நீங்க எந்தப் பாதையில இருக்கீங்கன்னு கண்டுபிடிக்க அட்மின் உரிமை எதுவும் வேண்டாம். டீம்ஸ்ல செட்டிங்ஸ் போய் 'அபௌட்' பாருங்க. விடிஐக்குள்ள இருந்தா அங்க ஒரு வரி இருக்கும். 'ஆப்டிமைஸ்டு'ன்னு இருந்தா சரி. 'நாட் கனெக்டட்' மாதிரி ஏதாவது இருந்தா ஆள் மாட்டிக்கிச்சு. இன்னொரு வேடிக்கையான வழி: கால் ஓடும்போது விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள்ளயே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ஆப்டிமைஸ் ஆகியிருந்தா எதிர்ல இருக்கறவர் முகம் வர வேண்டிய இடம் பெரும்பாலும் காலியா இருக்கும். பச்சைத் துணி மட்டும்தானே அங்க இருக்கு!

ஐடி சரி பண்ற வரைக்கும் என்ன பண்றது? வர்ற வீடியோவை நிறுத்துங்க, பின்னணி மங்கலாக்கறதை எடுத்துடுங்க. உங்க ப்ராஜெக்ட் விதி அனுமதிச்சா குரலுக்கு மட்டும் மொபைல்ல சேருங்க, திரையை மட்டும் விடிஐல பாருங்க. அனுமதி கேட்காம பண்ணாதீங்க. சில கிளையன்ட்டுக்கு அது பெரிய குத்தம்.

ஐடி டீம்ல இருக்கறவங்களும் இதைக் கேட்கறாங்கன்னு தெரியும். உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. டெஸ்ட்டை மதியம் மூணு மணிக்கு, உங்க நல்ல லேப்டாப்ல பண்ணாதீங்க. காலையில பத்து மணிக்கு, ஆபீஸ்லயே மோசமான லேப்டாப்ல பண்ணுங்க. டீம்ஸோட கால் குவாலிட்டி டேஷ்போர்டுல விடிஐ கால்களைத் தனியா பிரிச்சுப் பார்க்கலாம். யாருக்கு ஆப்டிமைஸ் ஆகலைன்னு அதுலயே தெரிஞ்சுடும், யாரும் வந்து புகார் சொல்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மத்தவங்க டிக்கெட் போடும்போது "கால் சரியில்ல"ன்னு போடாதீங்க. ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு பதில் வந்து டிக்கெட் மூடிடும். இப்படிப் போடுங்க: "என் டீம்ஸ்ல அபௌட் பகுதியில மீடியா ஆப்டிமைஸ் ஆகலைன்னு வருது. லேப்டாப் மாடல் இது, விடிஐ கிளையன்ட் வெர்ஷன் இது, ஸ்க்ரீன்ஷாட் இணைச்சிருக்கேன்." இதைப் பார்த்தா யாராவது உண்மையிலேயே உட்கார்ந்து பார்க்கணும்.

நாங்களும் அப்படித்தான் போட்டோம். ரெண்டு மாசம் ஆச்சு. ப்ளக்-இன் வந்தது, அடுத்த வாரத்துல இருந்து ஸ்டாண்ட்-அப்ல அந்தப் பொண்ணு குரல் சரியான நேரத்துல கேட்டுது. அந்த வருஷ ரேட்டிங் மட்டும் மாறல. அது ஏற்கனவே மேல போயிடுச்சுன்னுட்டாங்க. அடுத்த வருஷ ஃபார்ம்ல கம்யூனிகேஷன் பத்தி ஒரு வரிகூட இல்ல. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸை விட்டுட்டியான்னு கேட்டேன். "மூணு மாச ஃபீஸ் கட்டிட்டேனே அண்ணா"ன்னு சொல்லி, கடைசி சனிக்கிழமை வரைக்கும் போனா.